கடல் இல்லாத ஊரில் நீர்மூழ்கிக் கப்பல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

தொரப்பள்ளி என்றதும் எல்லோருக்கும் ராஜாஜி நினைவு வரும். 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் பிறப்பதற்கு 6 ஆண்டுகளுக்கு முன், 1872-ல் இங்கிலாந்தில் ஒரு தொட்டியில் தொடங்கிய ஒரு வேலை, இன்று நம் ஓசூர்ப் பட்டறைகளில் நடக்கும் வேலைக்குச் சொந்தக்காரன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு தம்பி ஓசூரில் ஃபைபர் பட்டறையில் வேலை பார்க்கிறான். கண்காட்சிக்காகச் செய்த நீர்மூழ்கிக் கப்பல் மாதிரியின் இரண்டு பாதிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அருமையான வேலை. ஆனால் கீழே, "படிப்பு ஏறல சார், அதனால இந்த அச்சு எடுக்கிற வேலைக்கு வந்துட்டேன்" என்று எழுதியிருந்தான். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கவும் மனம் வரவில்லை. அவனைப் போல இன்னும் பல பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

வில்லியம் ஃப்ரூட் என்பவர் புரூனலிடம் ரயில் பாதைப் பொறியாளராக இருந்தவர். கப்பலைக் கட்டி முடித்த பிறகு அது எதிர்பார்த்த வேகத்தில் போகாவிட்டால் போட்ட பணம் போட்டதுதான். அதனால் முதலில் சின்னதாகச் செய்து பார்க்கலாம் என்றார் அவர். டார்க்கீ என்ற ஊரில் நீளமான தொட்டி கட்டி, பாரஃபின் மெழுகில் கப்பல் மாதிரிகள் செய்து, தண்ணீரில் இழுத்து, எவ்வளவு விசை பிடிக்கிறது என்று அளந்தார். சின்ன மாதிரியை வைத்துப் பெரிய கப்பலைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்று பல பேர் சந்தேகப்பட்டார்கள். கிரேஹவுண்ட் என்ற நிஜமான போர்க்கப்பலையே கடலில் இழுத்து அளந்தபோது, கணக்கு மாதிரியோடு ஒத்து வந்தது.

அவர் கண்ட விதி எளிது. நீளம் 100-ல் 1 பங்கு என்றால், மாதிரியை 10-ல் 1 பங்கு வேகத்தில் இழுக்க வேண்டும். அப்போதுதான் சின்னது எழுப்பும் அலையும் பெரியது எழுப்பும் அலையும் ஒரே தோற்றத்தில் இருக்கும்.

மெழுகு நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இன்றைய சுவாமிமலை வார்ப்பும் மெழுகில்தான் தொடங்குகின்றன. மெழுகு உருவத்தின் மேல் மண் பூசிச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே அச்சு நிற்கும். உலோகத்தை ஊற்றி ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ஃப்ரூட்டும் சோதனை முடிந்ததும் மெழுகை உருக்கி அடுத்த மாதிரிக்கு எடுத்துக்கொள்வார். உடையாத அச்சு, ஒன்றிலிருந்து பல எடுக்கும் அச்சு வேண்டும் என்றால் அதற்கு வேறு பொருள்கள் வர வேண்டியிருந்தது.

அவை 20-ஆம் நூற்றாண்டில் வந்தன. 1930-களில் கண்ணாடியை நூலாக இழுக்கும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. அதே காலத்தில் பாலியெஸ்டர் ரெசினும் வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் நாம் ஃபைபர் என்று சொல்வது. 1942-லேயே அதில் சிறு படகு செய்துவிட்டார்கள். 1943-ல் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டு, சிலிக்கோன் ஒரு தொழிலாக வளர்ந்தது. அதிலிருந்து, அறை வெப்பத்திலேயே இறுகும் ரப்பர் பின்னர் வந்தது.

இனி நீர்மூழ்கிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் வரை நீர்மூழ்கி என்பது பெரும்பாலும் முங்கத் தெரிந்த ஒரு சாதாரணக் கப்பல்தான். கூர்மையான மூக்கு, மேலே நடக்கத் தளம். நீருக்கு அடியில் ஓட எந்த வடிவம் சிறந்தது என்று அமெரிக்காவின் டேவிட் டெய்லர் மாதிரிக் குளத்தில் வரிசையாகப் பல மாதிரிகளை இழுத்துப் பார்த்தார்கள். நீர்த்துளி போன்ற உருண்டை வடிவம் வென்றது. 1953-ல் அல்பகோர் என்ற நீர்மூழ்கி அந்த வடிவில் நீரில் இறங்கியது. உலகக் கடற்படைகளின் போக்கே அதன் பிறகு மாறியது. ஆயிரக்கணக்கான டன் எஃகு எந்த வடிவில் வளைய வேண்டும் என்பதை முதலில் சொன்னது ஒரு சின்ன மாதிரிதான் பிள்ளைகளே.

ஃபைபர் வெறும் பொம்மைக்கு என்றும் நினைக்க வேண்டாம். 1960-களில் வந்த பிரிட்டனின் ஓபரான் வகை நீர்மூழ்கிகளின் வெளிப்புற மேற்கூட்டிலேயே கண்ணாடி இழை பயன்பட்டது.

நம் நாட்டுக் கதை 1967 டிசம்பர் 8 அன்று ஐ.என்.எஸ். கல்வரியுடன் தொடங்குகிறது. அதே சோவியத் வகையைச் சேர்ந்த குர்சுரா இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதே வகை வாக்லி 2010-ல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் வைக்கத் திட்டமிட்டார்கள். அது கைகூடவில்லை. ஆகவே கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நம் ஓசூர்ப் பிள்ளைகள் நீர்மூழ்கியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், இப்போதைக்கு மாதிரிதான் கதி.

அந்தத் தம்பி செய்ததும் குர்சுரா வகைதான். 100-ல் 1 பங்கு. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். கப்பல் 91 மீட்டர், மாதிரி 91 சென்டிமீட்டர். எடை மட்டும் 100-ல் 1 அல்ல, 10 லட்சத்தில் 1. ஏனென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குகின்றன. கப்பல் மேலே மிதக்கும்போது சுமார் 1,950 டன், மூழ்கியிருக்கும்போது சுமார் 2,475 டன். அப்படியென்றால் மாதிரி மிதக்க 1.95 கிலோ இருக்க வேண்டும், மூழ்க ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீரை உள்ளே வாங்க வேண்டும். ஃபைபர் கூடு ஓரிடத்தில் தடித்துப் போனாலும் கணக்கு கெட்டுவிடும், மாதிரி ஒரு பக்கம் சாயும்.

வேலையும் லேசானதல்ல. முதலில் மரத்திலும் பட்டியிலும் மூல மாதிரி. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதில் விட்ட ஒரு கீறல், அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்கும். பிறகு எங்கே இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். உடல் அதிக அகலமாக இருக்கும் கோட்டில் பிரித்தால் கழன்று வரும். தவறினால் அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். குர்சுராவின் மேற்கூட்டில் தண்ணீர் புகும் துளைகள் வரிசையாக இருக்கின்றன. புரொப்பெல்லர், சுக்கான் போன்ற நெளிவான உறுப்புகளும் உண்டு. கெட்டி அச்சில் இவை சிக்கும். அங்கேதான் ரப்பர் அச்சு உதவுகிறது. வளைத்து, வாழைப்பழத் தோல் போல உரித்து எடுத்துவிடலாம். ரப்பர் தானாக நிற்காது என்பதால் வெளியே கெட்டியான ஒரு கூடும் வேண்டும். கடைசியில் மெழுகு தடவி, ஜெல்கோட் பூசி, கண்ணாடி மேட் விரித்து, ரெசின் ஊற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்த வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் பெங்களூரில் பாதல் என்ற மூன்று சக்கரக் காரையும், 1982-ல் டால்பின் காரையும் ஃபைபர் உடலோடு செய்தார்கள். நம் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பெருமளவு பிடித்தது, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு. ஒரு நல்ல அச்சை நம்பி எத்தனையோ பேர் கடலுக்குப் போய் வருகிறார்கள்.

இப்போது சொல், தம்பி. இது படிப்பு ஏறாதவன் வேலையா? வடிவியல், மிதப்பு விதி, வேதியியல் மூன்றும் உன் விரல் நுனியில் இருக்கின்றன. நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியதை நீ கையால் செய்கிறாய்.

பெற்றோருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், தலைவலி தரும். கண்ணாடித் தூள் தோலில் அரிக்கும். ஆவியைத் தடுக்கும் முகக்கவசம், கையுறை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். கோபால்டையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். தனித்தனி அலமாரியில் வையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. பிள்ளைகளின் நுரையீரலைவிட எந்த ஆர்டரும் அவசரமில்லை.

கடைசியாக ஒன்று. சோழர் சிலைகளைச் செய்த கைகளின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. மாதிரிக் குளங்களில் மெழுகைச் சீவியவர்களின் பெயரும் பாடப்புத்தகத்தில் இல்லை. அதனால் நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் அச்சின் பின்பக்கத்திலும் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வரலாற்று வாத்தியார் சொல்கிறேன், வரலாறு அப்படித்தான் மிஞ்சுகிறது.

இதே தொழிலில் இருக்கும் பழைய மாணவர்கள் கீழே எழுதுங்கள். என்ன செய்கிறீர்கள், எந்தப் பட்டறையில் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அனைவருக்கும் என் ஆசிகள்.