கசிவுக்கும் ஒரு வரலாறு உண்டு

சென்ற மாதம் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலிருந்து திரும்பிய நண்பரின் பைக்கோடு டெல்லி கரோல் பாக்கில் உள்ள ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். கரடுமுரடான மண்பாதைகளுக்கென உருவான வண்டி அது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஒரு குழாயில் எண்ணெய் வழிந்து, பிரேக் தட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயில் சீலை மாற்றியாக வேண்டும் என்றே நினைத்திருந்தோம். அங்கிருந்த உஸ்தாத் எதையும் கழற்றவில்லை. தூசுக்காப்பு வளையத்தை நெம்பி மேலே உயர்த்தினார். பழைய புகைப்பட நெகட்டிவ் துண்டு ஒன்றின் ஓரத்தைக் கொக்கிபோல் வெட்டி, சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் இடையே செருகி, சுற்றி இழுத்தார். ஒரு சிட்டிகை சாம்பல்நிற மண் வெளிவந்தது. துடைத்துவிட்டுப் பலமுறை அமுக்கிப் பார்த்தார். கசிவு நின்றிருந்தது.

அந்த ஒரு சிட்டிகை மண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்களின் முன்பகுதியில் பெரும்பாலும் வெளிப்படையான சுருள்வில்லும் உராய்வுத் தட்டுகளுமே அதிர்வைத் தாங்கின. அடைத்துவைக்க எண்ணெய் இல்லாததால் ஒழுகவும் ஒன்றுமில்லை. 1935இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்12 வண்டியில், எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் தொலைநோக்கிவகை ஃபோர்க்கைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கி இறங்கும். சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும் எண்ணெய் அதன் வேகத்தை மட்டுப்படுத்தும். சொகுசும் கசிவும் ஒரே அமைப்பிலிருந்து பிறந்தன.

கசிவைத் தடுக்கும் கருவியின் கதை ஒரு தோல் பதனிடும் நிறுவனத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் இயங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்தில், 1929இல் வால்டர் சிம்மர் என்னும் பொறியாளர் சுழலும் தண்டுகளுக்கான வளையம் ஒன்றை வடிவமைத்தார். உலோகக் கூட்டுக்குள் அமைந்த தோல் உதடு அது. பின்னர் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் தோலின் இடத்தைப் பிடித்தது. இயற்கை ரப்பரோ கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். இன்றைய ஃபோர்க் சீலும் உதட்டை அழுத்திப் பிடிக்கும் அதே உறவுமுறையைச் சேர்ந்ததுதான். 'சிம்மர்ரிங்' என்பது ஜெர்மன் பட்டறைகளில் பொதுப்பெயராகவே வழங்குகிறது. ஒரு மனிதரின் பெயர் சொல்லாகிவிட்டது.

நம் பட்டறைகளிலும் சொற்கள் பிறக்கின்றன. 'ஷாக் அப்சார்பர்' இந்தி பேசும் பட்டறைகளில் 'ஷாக்கர்' எனச் சுருங்கிவிட்டது. அதிர்ச்சியை உறிஞ்சுவது, சொல்லளவில் அதிர்ச்சி தருவதாக மாறிவிட்டது. ஆனால் நெகட்டிவ் துண்டால் சீலைத் துடைக்கும் உத்திக்கு உரியவர் பெயர் எதுவும் எந்தச் சொல்லிலும் தங்கவில்லை. பலநாட்டுப் பட்டறைகளிலும் புழங்கிய அந்த உத்தியைப் பின்பற்றி, இன்று பிளாஸ்டிக் கருவிகள் விற்பனைக்கே வந்துவிட்டன. கண்டுபிடித்தவரை நினைவில் வைக்கும் தொழில்நுட்ப வரலாறு, பழுதுபார்த்தவரை மறந்துவிடுகிறது.

இந்த மறதிக்கு விலையுண்டு. சீல் ஒழுகினால் சீலே குற்றவாளி என்று கருதிவிடுகிறோம். மண் சிக்கியிருந்தால் துடைத்தாலே போதும். குழாயின் குரோம் பூச்சில் கல்பட்ட வடுவோ துருவோ இருந்தால், அதைச் சீராக்காமல் பொருத்தும் புதிய சீலும் சில நாட்களில் கிழியும். உள்ளிருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் குழாய் ஆடும். எந்தச் சீலும் நிலைக்காது. எண்ணெய் பிரேக் வரை இறங்கிவிட்டாலோ பழுது உயிர்ப்பிரச்சினையாகிவிடும். இந்த மூன்று காரணங்களையும் விரல் நுனியால் பிரித்தறியும் அறிவு உஸ்தாத்திடம் இருந்தது; எழுத்தில் இல்லை.

தொழில்நுட்பம், மொழி, உழைப்பு ஆகியவற்றை ஆராயும் மாணவர்கள் ஆவணக்காப்பகத்துக்குச் செல்லும் வழியில் ஒரு பட்டறையிலும் சற்று நின்று செல்லலாம். புகைப்படச் சுருள் ஏற்கெனவே அரிதாகிவிட்டது. அதை வெட்டத் தெரிந்த கைகளும் அரிதாவதற்குள் கேட்டு எழுதிவைப்போம்.