யார் செய்த குற்றம்?

தமிழில் ‘கிரகண மூளி’ என்றொரு சொல் உண்டு. மேலுதடு பிளந்து பிறந்த குழந்தைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. சொல் சிறியதுதான், ஆனால் அதற்குள் ஒரு வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு எல்லாமே அதில் இருக்கின்றன. கிரகண வேளையில் வெளியே வராதே என்று பெரியவர்கள் சொன்னார்கள், அரிவாள்மணையைத் தொடாதே என்றார்கள், அவள் கேட்கவில்லை, பிள்ளை இப்படிப் பிறந்தது. அவள் உண்மையிலேயே வெளியே வந்தாளா என்று யாரும் விசாரிப்பதில்லை. குழந்தையின் முகமே போதுமான சாட்சி. கூண்டில் நிற்கிறவள் தாய்.

இந்த வழக்கை நாம் மட்டும் நடத்தவில்லை. மெக்ஸிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள், கிரகணத்தன்று சந்திரன் கடிபடுகிறான் என்றும், அதைப் பார்த்துவிட்ட கர்ப்பிணியின் குழந்தைக்கும் வாயில் அந்தக் கடி விழும் என்றும் நம்பினார்கள். அதற்குக் காப்பாக எரிமலைக் கண்ணாடியில் செய்த கத்தி ஒன்றை அவள் வயிற்றோடு சேர்த்து வைப்பது வழக்கம். ஐரோப்பியர்களோ சந்திரனை விட்டுவிட்டு முயலைப் பிடித்துக்கொண்டார்கள். முயலின் மேலுதடு இயற்கையிலேயே பிளந்திருக்கிறதல்லவா? ஆகவே கர்ப்பிணியின் குறுக்கே முயல் ஓடினால் குழந்தைக்கும் அப்படியே ஆகும் என்றார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்தக் குறைக்கு முயலை வைத்தே பெயரிட்டார்கள். நமக்குத்தான் முயல் சந்திரனிலேயே குடியிருக்கிறதே. இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். தேசத்துக்குத் தேசம் சாட்சி மாறியது. குற்றவாளி மாறவில்லை.

அந்தக் குற்றவாளி எப்படி விடுதலையானாள் என்பதே நான் சொல்ல வந்த சரித்திரம். அதில் வைத்தியர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு நோயாளிகளுக்கும் உண்டு.

முதலில் குறையின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். உதடு பிளந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய துன்பம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அண்ணம் என்பது மேல்வாய். வாய்க்கு அது கூரை. மூக்குக்கு அது தரை. அந்தக் கூரை பிளந்திருந்தால் குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. புகட்டிய பால் மூக்கு வழியே திரும்பி வரும். தப்பிப் பிழைத்து வளர்ந்தாலும் பேச்சுத் தெளியாது. ‘ப’ என்றோ ‘ட’ என்றோ சொல்ல வேண்டுமானால் மூச்சை வாய்க்குள் ஒரு கணம் அடைத்துப் பிறகு விட வேண்டும். கூரையில் பிளவு இருந்தால் மூச்சு மூக்கு வழியே ஓடிவிடுகிறது. தொல்காப்பியர் எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கணக்கெடுத்தபோது பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு அண்ணத்தையும் சேர்த்து எண்ணினார். அந்த ஓர் இடம் கெட்டால் மொழியில் பாதி கெட்டுப்போகிறது. அறிவு இருக்கும், சொல்ல விஷயம் இருக்கும், வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் சிரிப்பார். அந்த மனிதனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உதட்டைத் தைக்கும் வித்தை பழமையானது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தில் வெய் யோங்சி என்று ஓர் ஏழை இளைஞன் இருந்தான். பிறவியிலேயே பிளந்த உதடு. ஜிங் மாகாணத்து ஆளுநரிடம் இதைச் சரிசெய்யும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று பதினெட்டாம் வயதில் கேள்விப்பட்டு, வழிக்கு அரிசியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். வைத்தியர் பார்த்தார். வெட்டிச் சேர்த்துவிடலாம், ஆனால் நூறு நாள் கஞ்சிதான் குடிக்க வேண்டும், பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது என்றார். பாதி ஆயுள் பேசாமல் இருக்கச் சொன்னாலும் மீதிப் பாதி இருக்கிறதே, நூறு நாள் எம்மாத்திரம் என்றானாம் அந்தப் பிள்ளை. உதடு கூடியது. பிற்காலத்தில் அதே மாகாணத்துக்கு அவனே ஆளுநரானான். ஜின் வம்சத்தின் சரித்திர நூலில் இது பதிவாகியிருக்கிறது.

வைத்தியர் பெயரை அந்த நூல் சொல்லவில்லை. நோயாளியின் பெயரைத்தான் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு வெளியே இருப்பதால் கைக்கு எட்டியது. அண்ணம் எட்டவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து ரண சிகிச்சை மேதை அம்புருவாஸ் பாரே, பிளந்த உதட்டின் இரு ஓரங்களிலும் ஊசியைச் செலுத்தி, அதன்மேல் எட்டு என்ற இலக்கம் போல நூலைச் சுற்றி இறுக்கும் முறையை 1564-ல் எழுதி வைத்தார். அண்ணத்தில் ஓட்டை உள்ளவர்களுக்கோ அவரால் ஒரு மூடிதான் தர முடிந்தது. உலோகத் தகடு ஒன்றின் முதுகில் கடற்பஞ்சை வைத்துப் பொருத்துவார். பஞ்சு ஈரத்தில் ஊறிப் பருத்துத் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒழுகுகிற கூரைக்கு ஓலை செருகுவதுபோலத்தான்.

இனி பாரிஸ் நகரத்துக்குப் போவோம். ஆண்டு 1819. மான்ட்ரியல் நகரத்தில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஜான் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் அங்கே வந்திருந்தார். பிலிபேர் ரூ என்ற பெயர் பெற்ற ரண வைத்தியரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. இளைஞரின் குரலில் இருந்த கோளாறு ரூவின் காதில் பட்டது. வாயைத் திறந்து காட்டச் சொன்னார். உள்நாக்குத் தொங்கும் மெல்லிய அண்ணம் பிறவியிலிருந்தே இரண்டாகப் பிளந்திருந்தது. இதைத் தைத்தால் என்ன என்று ரூவுக்குத் தோன்றியது. ஸ்டீவன்சன் சம்மதித்தார்.

சம்மதித்தார் என்று எழுதுவது சுலபம். மயக்க மருந்தான ஈதரை மருத்துவ உலகம் அறிந்தது 1846-ல்; அதற்கு இன்னும் இருபத்தேழு வருஷம் இருந்தது. முழு நினைவோடு நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி வைத்திருக்க வேண்டும். பிளவின் ஓரங்களைச் சீவிப் புண்ணாக்கினால்தான் இரண்டும் ஒட்டும். தொண்டைக்குள் ஊசி போய் வரும், இரத்தம் இறங்கும், குமட்டல் எடுக்கும், தலையை அசைக்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படி நடந்தது. மூன்று தையல்கள். பிறகு சில நாள் பேச்சில்லை, சாப்பாடில்லை. எச்சிலை விழுங்குவதுகூட ஆபத்து என்று எண்ணினார்கள். சீனத்து இளைஞனைப் போல இவரும் பேச்சுக்கு மௌனத்தையே விலையாகக் கொடுத்தார். தையல் பிடித்தது. குரல் மாறியது.

பெர்லினில் கிரேஃபே என்பவர் 1816-லேயே இதைச் செய்துவிட்டார் என்பதால், யார் முதல் என்று இரண்டு தேசத்தாரும் பிற்பாடு வாதாடிக்கொண்டார்கள். ஆனால் ஸ்டீவன்சனுக்கு உள்ள இடத்தை யாரும் பறிக்க முடியாது. அடுத்த ஆண்டு, 1820-ல், எடின்பரோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்காக அவர் லத்தீனில் எழுதிய ஆராய்ச்சி எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தம்முடைய சொந்த அண்ணத்தைத் தைத்த சிகிச்சையைப் பற்றித்தான்! பிறர் பார்த்துச் சிரித்த குறையை அவரே படிப்புக்குரிய பொருளாக்கிப் பண்டிதர்கள் முன் வைத்தார்.

ஊருக்குத் திரும்பிய ஸ்டீவன்சன், ஹோம்ஸ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து மான்ட்ரியலில் ஒரு வைத்தியப் பள்ளியை நிறுவினார். 1823-ல் அங்கே வகுப்புகள் தொடங்கின. 1829-ல் அது மக்கில் சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவாயிற்று. உடற்கூறு சாஸ்திரத்தை அங்கே போதித்தவர் ஸ்டீவன்சன். வாய் திறக்கக் கூசியிருக்க வேண்டிய மனிதர் வகுப்பறையில் நின்று உரக்கப் பாடம் சொன்னார். 1842-ல் காலமானார்.

இதன்பிறகு தையல் வித்தை வேகமாக வளர்ந்தது. 1861-ல் ஜெர்மனியில் லாங்கன்பெக், எலும்பை ஒட்டியுள்ள சவ்வோடு சேர்த்துச் சதையைப் பெயர்த்து நகர்த்தி, முன்பக்கத்துக் கடின அண்ணத்தையும் மூடிக் காட்டினார். பாரிஸில் விக்டர் வோ, தைப்பதோடு வேலை முடியவில்லை, குழந்தை பேச வேண்டும் என்று சொல்லி, 1926 முதல் சூசான் போரெல் என்ற பெண்மணியிடம் தம் நோயாளிகளைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். கொரியா யுத்தத்துக்குப் போன அமெரிக்க டாக்டர் ரால்ஃப் மில்லார்டு, அங்கே பிளந்த உதட்டோடு திரிந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, ஒரு பக்கத்துச் சதையைச் சுழற்றி இறக்கி மறு பக்கத்தை முன்னே நகர்த்தும் முறையைக் கண்டார். 1955-ல் அதை ஸ்டாக்ஹோம் மாநாட்டில் சொன்னார். 1957-ல் எழுதி வெளியிட்டார். உலகெங்கும் அதன் வழி வந்த முறைகள் இன்றும் கையாளப்படுகின்றன.

எல்லாம் சரி. குழந்தையின் வழக்கு ஒருவாறு தீர்ந்தது. தாயின் வழக்கு? வைத்தியர் தையலைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவும்போது அவள் மெல்ல வந்து கேட்பாள்: “இது ஏன் வந்தது, டாக்டர்?” அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும்: “நான் என்ன தப்புச் செய்தேன்?” ஊசியும் நூலும் அதற்குப் பதில் சொல்லா.

பதில் தேடிய முதல் பெரிய முயற்சி டென்மார்க்கில் நடந்தது. போல் ஃபோக்-ஆண்டர்சன் என்ற ரண வைத்தியர், தம் தேசத்தில் சிகிச்சை பெற்ற எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்களை விசாரித்து, 1942-ல் நூலாக வெளியிட்டார். உதடு பிளந்தவர்களின் உறவினரிடையே, அண்ணமும் சேர்ந்து பிளந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே குறை மீண்டும் காணப்பட்டது. அண்ணம் மாத்திரம் பிளந்தவர்களின் கதை வேறு. ஒன்று என்று எண்ணியிருந்தது இரண்டு நோய் என்று தெரிந்தது. முயலும் சந்திரனும் இப்படிக் குலம் கோத்திரம் பார்த்து வேலை செய்ய முடியாதல்லவா?

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருந்தது. தாயை விட்டுவிட்டுக் குலத்தைக் கூண்டில் ஏற்றினால் போயிற்றா? “உங்கள் வம்சத்தில்தான் கோளாறு” என்று சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்ள அது போதுமே! வழக்கு முடிய இன்னும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி மான்ட்ரியலில் கிடைத்தது. நான் நாவலில் இப்படி எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஸ்டீவன்சன் நிறுவிய அதே மக்கில் வைத்தியப் பள்ளியில் 1950-ல் டாக்டர் பட்டம் பெற்றவர் கிளார்க் ஃபிரேசர். அவரும் அவருடைய துணைவர்களும் கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கார்ட்டிசோன் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். 1951-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓர் இனத்து எலிகளின் குட்டிகள் ஏறக்குறைய அனைத்தும் பிளந்த அண்ணத்தோடு பிறந்தன. மற்றோர் இனத்தில் அதே மருந்துக்கு ஐந்தில் ஒரு பங்கு குட்டிகளே அப்படிப் பிறந்தன.

மருந்துதான் காரணமென்றால் இரண்டு இனத்துக்கும் ஒரே கதி நேர்ந்திருக்க வேண்டும். இனம்தான் காரணமென்றால் மருந்து தேவையே இல்லை. பிறகு என்ன? 1956-ல் வாக்கர் என்பவரோடு சேர்ந்து ஃபிரேசர் விடையைக் கண்டார். கருவில் அண்ணம் இரண்டு தகடுகளாகத் தோன்றுகிறது. அவை முதலில் நாக்கின் இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்குகின்றன. ஒரு குறிப்பிட்ட வேளையில் இரண்டும் இரட்டைக் கதவுபோல மேலே எழுந்து படுத்து, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. அவை எழுவதற்குள் தலை வளர்ந்து அகன்றுவிட்டால் கதவுகள் எட்டாமல் நின்றுவிடும். முதல் இனத்தில் அவை எழுவது இயற்கையாகவே சற்றுத் தாமதம். மருந்தும் சேர்ந்து தாமதப்படுத்தியபோது நேரம் தப்பிவிட்டது. மற்ற இனத்துக்குக் கையில் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது, பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது.

இவ்வளவுதான் ரகசியம். பாவமும் அல்ல, சாபமும் அல்ல; ஒரு தாமதம். மனிதருக்கும் பொதுவாக இப்படித்தான் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. 2002-ல் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இதில் சம்பந்தப்பட்ட முக்கியமான மரபணு ஒன்றை அடையாளம் கண்டார்கள். அதன்பின் இன்னும் பல கண்டறியப்பட்டன. பெரும்பாலும் எதுவும் தனியாகக் குற்றவாளி அல்ல. தகப்பனிடமிருந்து கொஞ்சம், தாயிடமிருந்து கொஞ்சம், சூழ்நிலையிலிருந்து கொஞ்சம் என்று பல சிறு துளிகள் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போது பிளவு உண்டாகிறது. வலிப்புக்கான சில மருந்துகளும் புகையிலைப் புகையும் அந்தத் துளிகளில் சேரும் என்பதால் கர்ப்பிணிகளிடம் வைத்தியர்கள் அவற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது அடுத்த குழந்தையைக் காப்பதற்கான கேள்வி. பிறந்த குழந்தைக்குப் பழி தேடும் கேள்வி அல்ல.

உலகத்தில் சுமார் எழுநூறு பிறவிகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. சில மாதங்களில் உதட்டையும், பேச்சு முதிருமுன் அண்ணத்தையும் சரிசெய்து, தேவையானால் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால், அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு பாட்டு ஒப்பிக்கும். வேண்டியது வைத்தியமும் பொறுமையும்தான். பழிச்சொல்லைக் கேட்டு வெட்கி, பிள்ளையை முந்தானைக்குள் மறைத்து வளர்க்கும் தாய் அந்த வைத்தியத்துக்கு வந்து சேர்வதில்லை. கிரகண மூளி என்ற சொல் செய்கிற கெடுதல் அதுதான்.

கருவில் உதடு ஏறக்குறைய ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடுகிறது. பன்னிரண்டாவது வாரத்துக்குள் அண்ணமும் மூடிவிடுகிறது. உதடு கூடும் அந்த நாட்களில், வயிற்றில் ஓர் உயிர் இருக்கிறது என்பதே பல பெண்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திராது. நாள் தள்ளிப்போயிற்றே என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் கதவுகளின் கதை பாதி முடிந்துபோகிறது. இதில் அவள் செய்த குற்றம் எது?