ஸ்டிபின்

ஓர் ஆண்டிமனி அணுவோடு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் பிணைந்த நிறமற்ற நச்சு வாயு. ஆண்டிமனியை உலோகம் என்பாரும் உண்டு, உலோகப்போலி என்பாரும் உண்டு. ஆகவே இந்த வாயுவை உலோக ஹைட்ரைடுகளோடு சேர்ப்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. கொதிநிலை மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனம். அழுகிய முட்டை நாற்றம். அறை வெப்பத்திலேயே மெல்லச் சிதையும். அப்போது படியும் ஆண்டிமனியே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். சுவாசித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன.

1837-ல் லூயிஸ் தாம்சன் இதைக் கண்டறிந்தார் என்பது பொதுவழக்கு. அதே காலத்தில் பாஃப் என்பவரும் தனியே கண்டார் என்று சிலர் எழுதுவர்.

இந்த வாயுவின் பெயர் அதிகம் அடிபட்டது நஞ்சாய்வுக் கூடங்களில்தான். 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனையில், ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் நீர்த்த கந்தக அமிலத்தோடும் சேர்ப்பார்கள். வரும் வாயுவைக் கொளுத்தி, சுடர்மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் கருமை படியும். அது பாஷாணத்தின், அதாவது ஆர்சனிக்கின், சாட்சி. சிக்கல் என்னவென்றால், ஆண்டிமனியும் ஸ்டிபினாக வெளிவந்து இப்படியே கறை தரும். நஞ்சுண்டவரை வாந்தியெடுக்க வைக்க அன்றைய மருத்துவர்கள் கொடுத்த மருந்தோ டார்டார் எமெடிக், அதாவது ஆண்டிமனி உப்பு! காப்பாற்றக் கொடுத்த மருந்தே கொலைக்குச் சாட்சி சொல்லிவிடக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிய நுணுக்கமான வழிகள் வந்தன. பாஷாணக் கறை பளபளக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சட்டெனக் கரைந்துபோகும். ஆண்டிமனிக் கறை வெல்வெட் போன்ற மங்கிய கறுப்பு. அந்தக் கரைசலுக்கு அசையாது. வாயுவைச் சூடான குழாய்வழி விட்டால், பாஷாணம் சூட்டுக்கு அப்பால் மட்டும் படியும். ஆண்டிமனி இருபுறமும் படியும்.

இத்தகைய நஞ்சாய்வுக்கான இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னையில் அமைந்தது. வெள்ளைப் பாஷாணம் கொலைக்கும், தோலுக்காக மாடுகளைக் கொல்லவும் பயன்பட்ட நாட்டில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஆண்டிமனி மருந்தாகவும் தொடர்ந்தது: 1903-ல் சென்னையில் மருத்துவர் டோனவன் கண்ட காலா அசார் நோயின் ஒட்டுண்ணிக்கு எதிராக, 1920-களில் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் புழங்கியது.

பின்னர் பேட்டரிக் காலம். ஈயத் தகடுகளுக்கு உறுதி சேர்க்க ஆண்டிமனி கலப்பார்கள். ஓவர்சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனோடு சிறிது ஸ்டிபினும் வெளியேறும். தூத்துக்குடி விசைப்படகின் திறந்த தளத்தில் அது காற்றோடு கலைந்துவிடும். காற்றோட்டமில்லாத பேட்டரி அறையிலும் நீர்மூழ்கிக் கப்பலிலும் நிலைமை வேறு. பணியிடங்களில் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு.

தொட்டில் குழந்தைகளின் திடீர் மரணத்துக்கு ஆண்டிமனி சேர்ந்த மெத்தைகளிலிருந்து எழும் ஸ்டிபின் போன்ற நச்சு வாயுக்களே காரணம் எனப் பிரிட்டனில் ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். 1998-ல் இதை ஆராய்ந்த லிமெரிக் குழு அதற்குச் சான்றில்லை என்றது. வாதம் அதோடு முற்றிலும் ஓயவில்லை.

குறைகடத்திகளில் ஆண்டிமனி சேர்க்கவும் ஸ்டிபின் பயன்படுகிறது. ஆனால் சிலிண்டரில் நெடுநாள் தாங்காது என்பதால் ஆர்சினுக்கும் பாஸ்பினுக்குமே வரவேற்பு.