ஆங்கில ஒழுங்கற்ற வினைகள்: இறந்தகால வடிவங்களின் வரலாறு

முன்னுரை

ஆங்கில வினைகளுள் பெரும்பாலானவை ‘எட்’ விகுதி ஏற்று இறந்தகாலம் காட்டுகின்றன. ‘சிங் – சாங் – சங்’ (பாடு) போன்றவை அவ்வாறு அமைவதில்லை. இலக்கண நூல்கள் இவற்றை ஒழுங்கற்ற வினைகள் எனப் பட்டியலிடுகின்றன. இவற்றுள் பல, வழக்கிழந்த பழைய விதியொன்றின் எச்சங்களே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வல்வினைகளின் அமைப்பு

பழைய ஆங்கிலத்தில் 300க்கும் மேற்பட்ட வினைகள் வேரின் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டின. யாக்கோபு கிரிம் 1819இல் வெளியிட்ட இலக்கண நூலில் இவற்றை வல்வினைகள் என்றும், விகுதி ஏற்பவற்றை மெல்வினைகள் என்றும் பிரித்தார். வல்வினைகள் ஏழு வகுப்புகளாக வகுக்கப்படுகின்றன.

‘சிங்’, ‘ஃபைண்ட்’ (கண்டுபிடி) ஆகிய இரண்டும் மூன்றாம் வகுப்பைச் சார்ந்தவை. இவ்விரண்டின் இறந்தகால முற்று, தன்மை, படர்க்கை ஒருமையில் அகர உயிரும் பன்மையில் உகர உயிரும் பெற்றது. இறந்தகால எச்சமும் உகரமே பெற்றது. பிற்காலத்தில் முற்றில் இவ்வேறுபாடு மறைந்தது. ‘சிங்’ ஒருமை உயிரைத் தக்கவைத்தமையால் முற்று ‘சாங்’ எனவும் எச்சம் ‘சங்’ எனவும் வேறுபட்டு நிற்கின்றன. ‘ஃபைண்ட்’ உகர உயிரை ஏற்றமையால் முற்றும் எச்சமும் ‘ஃபவுண்ட்’ என ஒன்றாயின. ஒரே வகுப்பின் வினைகள் இன்று இருவேறு வாய்பாடுகளாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

தேய்வும் ஆக்கமும்

பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் மெல்வினை விகுதியையே ஏற்றன. பழைய வல்வினைகள் பலவும் அவ்வழிச் சென்றன. ‘ஹெல்ப்’ (உதவு) வினையின் ‘ஹோல்ப்’, ‘ஹோல்பன்’ வடிவங்கள் மறைந்து ‘ஹெல்ப்டு’ நிலைபெற்றது. 2007இல் ‘நேச்சர்’ இதழில் லீபர்மேன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளுள் 98 மட்டுமே இன்றும் அவ்வாறு நீடிப்பதைக் காட்டியது. நூறு மடங்கு குறைவாக வழங்கும் வினை பத்து மடங்கு விரைவாக ஒழுங்குபடுகிறது என்பது அவர்தம் முடிவு.

எதிர்த்திசை மாற்றமும் உண்டு. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் ‘டிக்டு’ (தோண்டினான்) என வழங்கிய வடிவம் இன்று ‘டக்’ என உயிர்மாற்றம் பெற்றுள்ளது.

இலக்கண நூலாரின் தலையீடு

முற்று வடிவத்தை எச்சத்தின் இடத்தில் ஆளும் வழக்கு 18ஆம் நூற்றாண்டில் கற்றோரிடமும் இருந்தது. ‘ரிட்டன்’ (எழுதிய) வரவேண்டிய இடத்தில் ‘ரோட்’ எழுதப்பட்டது. இராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணம் இத்தகைய ஆட்சியைப் பிழையெனக் கண்டித்தது.

முடிவுரை

இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் மூன்று வடிவப் பட்டியலில் பழைய விதியின் எச்சமும், ஒப்புமையாக்கமும், இலக்கண நூலாரின் தேர்வும் கலந்துள்ளன. ‘ஒழுங்கற்றவை’ என்னும் பெயர் இவ்வரலாற்றை மறைக்கிறது. வினைகளை வகுப்புவாரியாகத் தொகுத்துக் கற்பித்தால் அவ்வரலாறு வகுப்பறையிலும் புலப்படும்.