உப்புக்கு எதிரே பொன்

மொராக்கோவின் தென்கிழக்கே ரிசானி என்ற சிற்றூரை ஒட்டிச் சில மண்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஒருகாலத்தில் சகாராவின் வாசலாக இருந்த சிஜில்மாசா நகரத்தில் மிஞ்சியவை அவை.

வட ஆப்பிரிக்கத் தொல்குடிகளான பெர்பர்களில் மிக்னாசா குலத்தார் கி.பி. 757-இல் உருவாக்கிய ஊர் இது. அட்லாஸ் மலையில் பிறக்கும் சீஸ் ஆறு மணலில் மறைவதற்குமுன் கடைசியாக நனைக்கும் தாஃபிலால்த் சோலையில் அது இருந்தது. அந்தத் தண்ணீரில் பேரீச்சை விளைந்தது. பேரீச்சையை நம்பி ஒட்டகங்கள் தெற்கே புறப்பட்டன. திரும்பும்போது பொன் வந்தது.

இந்த வணிகத்தை ஏதோ ஓர் அரச வம்சம் நடத்தியதாக எழுதுவது வழக்கம். உண்மையில் அதைத் தாங்கியவை இரண்டு: அரபுக் கடிதமும் பெர்பர் கால்களும். 10-ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் இப்னு ஹவ்கல் ஒரு கடன் பத்திரத்தைக் கண்டதாக எழுதுகிறார். பாலைவனத்தின் மறுகரையில் அவ்தகுஸ்த் நகரில் இருந்த வணிகர் ஒருவர், சிஜில்மாசாக்காரர் ஒருவருக்கு 42,000 தினார் தரவேண்டும் என்றது அது. இரண்டு மாத வழித் தூரத்தில் இருப்பவனை ஒரு துண்டுத் தாளை வைத்து நம்பியிருக்கிறார்கள்!

நம் மதுரைவரை வந்துபோன இப்னு பதூதா, லவாத்தா பெர்பர் வழியில் தாஞ்சியரில் பிறந்து அரபியில் பேசியவர். 1352-இல் சிஜில்மாசாவிலிருந்து கிளம்பி 25 நாளில் தகாஸாவை அடைந்தார். அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டியவை. கூரை ஒட்டகத் தோல். மரம் கிடையாது. மசூஃபா பெர்பர்களின் அடிமைகள் உப்பை வெட்டியெடுத்தார்கள். ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம். அந்தச் சுமை பாலைவனத்தின் தென்கரை ஊரான வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் (பொன் நிறுக்கும் எடை) பொன்னுக்கு விற்றது. மாலி நகரில் 20, 30, சிலசமயம் 40. அந்த விலையில் அடிமைகளின் உழைப்பும் அடங்கியிருந்தது.

வலாத்தாவை நெருங்குமுன் ஒரு மசூஃபாக்காரரைத் தனியாக முன்னே அனுப்புவார்கள். 'தக்ஷீஃப்' என்று பெயர். இப்னு பதூதாவின் கூட்டம் அவருக்குக் கொடுத்த கூலி 100 மிஸ்கால். அவர் கையில் வணிகர்களின் கடிதங்கள்: வீடு பிடித்துவையுங்கள், நாலு நாள் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிரே வாருங்கள். வழியில் அவர் மாண்டால் பின்னால் வரும் கூட்டமும் தாகத்தில் அழியும். கூட்டத்தை நடத்திவந்த வழிகாட்டிக்கோ ஒரு கண் தெரியாது, மறுகண்ணிலும் நோய். ஆனாலும் அவரைப்போல் அந்தப் பாதையை அறிந்தவர் இல்லை என்கிறார் இப்னு பதூதா.

தக்ஷீஃப் போன ஏழாம் நாள் இரவு, தண்ணீரோடு எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய தீ தொலைவில் தெரிந்தது.