மந்திரமா, வாளா? டி அண்ட் டி ஆட்டத்தில் ஃபைட்டர் ஏன் பின்தங்குகிறார்?

ஞாயிறு மாலை நாலரை மணி. செம்பூரில் ஒரு வீட்டு ஹால். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் மாட்டுங்காவில் இருந்து வந்தவர், இன்னொருவர் தாராவி 90 அடி சாலையில் இருந்து. ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்பதால் ஆட்டம் தொடங்கவே ஒரு மணி நேரம் தாமதம். ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும், மறுநாள் ஆபீஸ்.

அந்த மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு சண்டைதான் நடந்தது. விசார்ட் ஆடியவர் முதல் ரவுண்டில் ஒரு ஃபயர்பால் போட்டார், இரண்டாவது ரவுண்டில் இன்னொன்று. எதிரிகள் காலி. ஃபைட்டராக ஆடிய தாராவி நண்பர் அங்குமிங்கும் வாள் வீசியதோடு சரி. கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "எல்லாத்தையும் அவன் ஒருத்தனே கொளுத்திட்டான். நான் எதுக்குடா வரேன்?"

கேம் மாஸ்டர் நான்தான். அதனால் கேள்வியும் எனக்குத்தான். தொழில் டேட்டா ஜர்னலிசம் என்பதால், வீட்டுக்குப் போனதும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன்.

முதலில், இது என்ன ஆட்டம்?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். கேம் மாஸ்டர் கதைக்களத்தைச் சொல்வார், மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஃபைட்டர் என்பவர் ஆயுதத்தை நம்புபவர். விசார்ட் மந்திரத்தை நம்புபவர்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

கர்ணன் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அர்ஜுனனிடம் அம்பு தீராத தூணி இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் எய்யலாம். கர்ணனிடம் நாகாஸ்திரம் இருக்கிறது. ஆனால் குந்திக்குக் கொடுத்த வாக்கால் ஒரே ஒரு முறைதான் ஏவ முடியும். அந்த ஒரு முறையும் கிருஷ்ணன் தேரை அழுத்தியதில் மகுடத்தோடு போய்விட்டது.

டி அண்ட் டி-யிலும் அதே ஏற்பாடுதான். வாள் வீச்சுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பெரிய மந்திரத்துக்கு 'ஸ்பெல் ஸ்லாட்' செலவாகும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, 5-ஆம் லெவல் விசார்டிடம் ஃபயர்பால் போடும் அளவுக்கு உயர்ந்த ஸ்லாட் 2 மட்டுமே. இடையில் ஒரு குட்டி ஓய்வு கிடைத்தால் இன்னொன்றை மீட்டுக்கொள்ளலாம். ஆக ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3. இரவு முழு ஓய்வு எடுத்த பிறகுதான் எல்லாம் திரும்ப நிரம்பும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இருவரும் 5-ஆம் லெவல். எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15 என்று வைத்துக்கொள்வோம்.

ஃபைட்டர்: கையில் கிரேட்ஸ்வார்டு, ஒரு ரவுண்டுக்கு இரண்டு வீச்சு. பட்டால் சராசரியாக 11 சேதம். படுவதற்கான வாய்ப்பு 65 சதவீதம். கிரிட்டிகல் அடியையும் சேர்த்தால் ரவுண்டுக்கு 15.

விசார்டின் சாதாரண மந்திரம் (ஃபயர் போல்ட், ஸ்லாட் செலவில்லை): ரவுண்டுக்கு 7.7. ஃபைட்டரில் பாதிதான்.

விசார்டின் ஃபயர்பால்: 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28. எதிரி தப்பித்தாலும் பாதி சேதம் உண்டு. எதிரி தப்பிக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்றால் ஆளுக்கு 22.4. மூன்று பேர் ஒன்றாகச் சிக்கினால் 67.

இனி சண்டைக்கு 3 ரவுண்டு என்று வைத்து ஒரு முழு நாளைக் கூட்டிப் பார்க்கலாம். ஃபைட்டருக்கு 'ஆக்‌ஷன் சர்ஜ்' என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு குட்டி ஓய்வுக்கும் ஒருமுறை, கூடுதலாக ஒரு சுற்று அடிக்கலாம். அதையும் சேர்த்திருக்கிறேன். விசார்டின் சின்ன ஸ்லாட்கள் தற்காப்புக்குப் போகின்றன என்று எடுத்துக்கொண்டேன்.

நாளுக்கு 1 சண்டை: விசார்ட் 142, ஃபைட்டர் 60.
நாளுக்கு 3 சண்டை, நடுவே ஒரு குட்டி ஓய்வு: விசார்ட் 248, ஃபைட்டர் 165.
நாளுக்கு 6 சண்டை, நடுவே இரண்டு குட்டி ஓய்வு: விசார்ட் 317, ஃபைட்டர் 315.

கடைசி வரியைப் பார்த்ததும் ஃபார்முலாவில் ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். திரும்பவும் போட்டேன், அதேதான் வந்தது.

அப்போ சிக்கல் எங்கே?

2014 பதிப்பின் கேம் மாஸ்டர் கையேடு, ஒரு கதாபாத்திரக் குழு நாளொன்றுக்கு 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினமான மோதல்களைத் தாங்கும் என்கிறது. விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தது அப்படி ஒரு நீண்ட நாள். மேலே உள்ள கணக்கும் அந்த இடத்தில்தான் சமமாகிறது.

எங்கள் மேசையில் நடந்தது வேறு. ஒரு ஞாயிறு, ஒரு சண்டை, 'சரி, எல்லாரும் தூங்கி எழுந்தீங்க' என்று சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த வாரம் விசார்ட் முழு ஸ்லாட்டோடு வருவார். தினமும் புது நாகாஸ்திரம் கிடைத்தால் கர்ணனுக்கு என்ன கவலை? தீராத தூணிக்குத்தான் என்ன மதிப்பு? ஃபைட்டரைப் பலவீனமாக்கியது விதிப்புத்தகம் இல்லை, என்னுடைய டைம்டேபிள்.

முந்தைய பதிப்புகள் இதை எப்படிக் கையாண்டன?

மந்திரத்தை மனப்பாடம் செய்து, சொன்னதும் மறந்துபோவது என்ற யோசனை எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளில் இருந்து வந்தது. 1978-இன் 'அட்வான்ஸ்டு' பதிப்பில், முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். உயிர்ப்புள்ளிக்கு அவர் உருட்டுவது நான்குமுகப் பகடை, ஃபைட்டர் உருட்டுவது பத்துமுகப் பகடை. ஆரம்பத்தில் சிரமப்படு, பிழைத்து மேலே வந்தால் ராஜா என்பதுதான் அந்தக் கால பேலன்ஸ்.

2008-இல் நான்காம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அச்சைக் கொடுத்தது. எப்போதும் செய்யக்கூடியது, மோதலுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்ற திறமைப் பட்டியல் ஃபைட்டருக்கும் வந்தது. கணக்கு சமமானது. ஆனால் 'வாள் பிடித்தாலும் மந்திரம் சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கிறது' என்று பலரும் குறைபட்டார்கள். ஐந்தாம் பதிப்பு மறுபடி பழைய வித்தியாசத்துக்கே திரும்பியது.

2024-இல் திருத்தி வெளியிட்ட விதிகள் ஆயுதங்களுக்கு 'மாஸ்டரி' என்ற தனிக்குணம் தந்தன. கிரேட்ஸ்வார்டு குறி தவறினாலும் கொஞ்சம் சேதம் செய்யும். நம் கணக்கில் இது 15-ஐ சுமார் 18 ஆக்குகிறது. வேறு சில ஆயுதங்கள் எதிரியைத் தள்ளும், கீழே சாய்க்கும்.

சேதம் மட்டும்தான் பேலன்ஸா?

இல்லை. பூட்டிய கதவைத் திறக்க, பறக்க, மறைய எல்லாவற்றுக்கும் மந்திரம் இருக்கிறது. சண்டை இல்லாத நேரத்திலும் விசார்டுக்கு வேலை உண்டு. ஃபைட்டருக்கு வாளைத் தவிர விதிப்புத்தகம் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை. இந்த இடைவெளியை எந்த ஸ்ப்ரெட்ஷீட்டும் காட்டாது, கதை சொல்பவர்தான் நிரப்ப வேண்டும். பழைய படைவீரனை மதிக்கும் ஒரு கோட்டைத் தலைவன், மந்திரவாதி என்றாலே கதவைச் சாத்தும் ஒரு ஊர் என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

வாரம் மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் என்ன செய்யலாம்?

1. ஆட்ட நாளையும் கேலண்டர் நாளையும் பிரித்துவிடுங்கள். ஞாயிறு முடிந்தது என்பதால் கதையில் இரவு ஆகிவிடாது. மிச்சமுள்ள ஸ்லாட், உயிர்ப்புள்ளி எல்லாவற்றையும் குறித்து வைத்து, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடருங்கள்.

2. ஓய்வை நீட்டுங்கள். 2014 கையேட்டிலேயே இதற்கு ஒரு மாற்று விதி இருக்கிறது. குட்டி ஓய்வு 8 மணி நேரம், முழு ஓய்வு 7 நாள். பயணக் கதைகளுக்குப் பொருத்தமாக இருக்கும்.

3. எதிரிகளைக் கொத்தாக நிறுத்தாதீர்கள். ஃபயர்பால் 20 அடி ஆரத்தில் வெடிக்கும். ஒரே ஒருவர் சிக்கினால் 22, மூன்று பேர் சிக்கினால் 67. பாதிப் பேரை இரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு உள்ளே அனுப்புங்கள்.

4. விசார்டின் மந்திரத்தைப் பிடுங்காதீர்கள். ஃபயர்பாலைத் தடை செய்தால் ஒருவருடைய வருத்தம் இன்னொருவருக்கு மாறும், அவ்வளவுதான்.

நாங்கள் முதல் வழியை எடுத்தோம். ஒரே கோட்டைக்குள் ஒரே நாள், அது மூன்று ஞாயிறு ஓடியது. மூன்றாவது வாரம் விசார்டிடம் பெரிய ஸ்லாட் எதுவும் மிச்சமில்லை. குறுகலான படிக்கட்டில் நான்கு பேர் இறங்கி வந்தார்கள். எல்லோரும் திரும்பி ஃபைட்டரைப் பார்த்தோம். தாராவி நண்பர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பகடையை எடுத்தார். அன்று எட்டு மணியாகியும் யாரும் கிளம்பவில்லை.