சிறுவாட்டுப் பணம்

போன வாரம் காலை நடை முடிந்து, பாளை வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே ஒரு டீ குடித்தேன். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினேன். "சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணிருங்க" என்றார் கடைக்காரத் தம்பி. பண்ணினேன். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தேன் என்பது வங்கியில் பதிவாகிவிட்டது. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை ஒரு பழைய சொல் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சிறுவாடு.

நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்த பணம். அதற்குக் கணக்கு கேட்க ஆள் கிடையாது என்பதுதான் அதன் மதிப்பே.

1978 ஜனவரி 16 அன்று, மொரார்ஜி தேசாய் அரசு 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, நான் வங்கியில் காசாளராகச் சேர்ந்த புதிது. பெருங்கூட்டம் வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். எங்கள் கிளைக்கு அந்த நோட்டுகளோடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் மாதச் சம்பளமே ஆயிரத்தைத் தொடாத காலம் அது. சிறுவாட்டுக்காரிகளுக்கு ஒரு சேதமும் இல்லை.

2016 நவம்பர் 8 அப்படி இல்லை. 500, 1,000 ரூபாய் நோட்டுகள்தான் அன்று புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். மறுநாள் பக்கத்து வீட்டு ஆச்சி பின்வாசல் வழியாக வந்து, "அய்யா, நீ பேங்குல இருந்தவன்லா, எம் மவனுக்குத் தெரியாம இத மாத்தித் தா" என்று ஒரு சுருக்குப் பையை நீட்டினாள். இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட மகளுக்கு அவ்வப்போது கொடுத்துவரும் பணம் என்று எனக்குத் தெரியும். மாற்ற அடையாள அட்டை வேண்டும். ஒருவருக்கு 4,000 ரூபாய்தான் என்றும் வரம்பு. ஆச்சியின் அட்டை மகனிடம் இருந்தது. என் அட்டையில் 4,000 மாற்றிக் கொடுத்தேன். மீதிக்கு அவள் மகனிடம் வாய் திறக்க வேண்டியதாயிற்று. மகன் கெட்டவரில்லை. ஆனால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்தது. மகளுக்குப் போகவில்லை.

செல்லாத நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே சொன்னது. கறுப்புப் பணம் எவ்வளவு பிடிபட்டதோ, ஆச்சியின் பணம் பிடிபட்டது.

இது பெண்களின் பிரச்சினை மட்டுமில்லை. நம் ஜில்லாவின் சரித்திரத்தையே பாருங்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் ஊர் ஜனங்கள் கைகொடுத்தார்கள். மார்ச் மாதம் வ.உ.சி. கைதானார். திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தண்டனைப் போலீஸ் வந்து, அதற்கான செலவு ஊரார் தலையில் வரியாக விழுந்தது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வறுமையில் வாடிய வ.உ.சி.க்கு, தென்னாப்பிரிக்கத் தமிழர் கொடுத்த 347 ரூபாய்ச் சொச்சம் காந்தி வழியாக 1916இல் வந்து சேர்ந்தது. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அன்றைய கலெக்டர் விஞ்ச் துரையின் மேஜைமேல் தினமும் காலையில் வந்து விழுந்திருந்தால், எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள்?

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2023இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலருடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. எங்கோ நடந்த மோசடிப் பணத்தில் ஒரு துளி, செல்போன் வழியாக அவர்கள் கணக்கில் வந்து விழுந்ததுதான் காரணம். நோட்டாக வாங்கியிருந்தால் கல்லாவைப் பூட்ட யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர் ஒருவர் இதில் பெரிய காரியம் செய்திருக்கிறார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 86 வயதில், 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற விதியும் 2018 செப்டம்பரில் ரத்தானது.

செல்போனில் பணம் அனுப்புவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ப் பேரனுக்கு நானும் அப்படித்தான் அனுப்புகிறேன். அது ஒரு வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக ஆகிவிடக் கூடாது. ஆச்சி இப்போது இல்லை. அந்த நவம்பருக்குப் பிறகு அவள் பத்து ரூபாய் நோட்டாகவே சேர்த்தாள் என்று மகள் சொன்னாள்.

நாளைக் காலை டீக்கடைக்குச் சில்லறையோடு போக வேண்டும்.